கருவாடு வறுத்த நாள்

எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா என்று வெளியூரிலிருந்து யார் கேட்டாலும் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரே பதில்தான். "நார்மல் ஆயிருச்சு." மலையாளம் பேசுகிறவர்களும் அதைத்தான் சொன்னார்கள், தமிழ் பேசுகிறவர்களும் அதைத்தான் சொன்னார்கள். இரண்டாவது ஊசியும் போட்ட கையோடு முகக்கவசங்களின் நாடாவையெல்லாம் உருவி அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டினாள் எங்கள் லயத்தில் ஒருத்தி. அவரை நன்றாகத்தான் காய்த்தது. நானும் இரண்டு மூன்று முறை பறித்துக் குழம்பு வைத்தேன். சின்னக்கானல் ரோட்டில் டூரிஸ்ட் ஜீப்புகள் மறுபடி வரிசை கட்டி நின்றன. கொழுந்துக் கூடையோடு நிற்கும் எங்களைப் படம் பிடிக்க வெளியூர்ப் பெண்கள் மறுபடி வந்தார்கள். பக்கத்தில் நின்று தோளில் கை போட்டார்கள். நார்மல்தான், இல்லை என்று யார் சொன்னது.

ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மட்டும் சுள்ளென்று வரும். கோபம் வார்த்தை மேல் இல்லை, என் மேல்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வீடுகள், ரயில் பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் போய் நின்றுவிடும். கட்டின வெள்ளைக்காரனுக்குச் செங்கல் தீர்ந்துவிட்டதோ, அல்லது கூலிக்காரர்களுக்கு இது போதும் என்று நினைத்தானோ, தெரியாது. அதனால் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஒரு வீட்டுத் தாளிப்புக்கு அடுத்த வீட்டில் தும்முவார்கள். புருசன் பெண்டாட்டி சண்டையில் அந்தப் பக்கத்திலிருந்து தீர்ப்பு வரும். எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் நடுவே உப்பும் தீப்பெட்டியும் சுவருக்கு மேலேயே போய்வரும். ஆளுக்கொரு முக்காலி போட்டு ஏறி நின்று கை நீட்டுவோம். வாசல் வழியாகப் போய் வாங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் புருசன் என் புருசனை அண்ணன் என்று கூப்பிடுவான், அதனால் நான் அவனுக்கு மதினி, அவளுக்கு அக்கா. ரத்த சம்பந்தம் கிடையாது. லயத்தில் அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கும்போது அடுத்தடுத்த வரிசைதான் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு வாங்கிக்கொள்வோம். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை.

ஊசி வந்த புதிதில் வயது வரிசைப்படிதான் போட்டார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது, முதலிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். போட்டுக்கொண்டு கையைத் தடவிக்கொண்டே வருகிறேன், அவள் புருசன் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மதினி, வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான். நீ பயந்தாங்கொள்ளி, உனக்கு வலிக்கும்."

"எனக்கு எங்க போடுதான். நாப்பத்தஞ்சு ஆகணுமாம்லா. வயசானதுக்கும் ஒரு லாபம் இருக்கு பாத்துக்கிடுங்க."

நான் சிரித்தேன். நரைமுடியைக் காட்டிக் கேலி செய்யாதே என்று ஏதோ சொன்னேன். அவன் முறை வருவதற்குள் இரண்டாவது அலை எங்கள் மலைக்கும் ஏறிவிட்டது. காய்ச்சல் என்று ஆம்புலன்சில் ஏறினான். அவனே நடந்து போய் ஏறினான். ஏறும்போது, வேலிக்கு வெட்டின குச்சியை மழையில் போட்டுவிட்டேன், எடுத்து உள்ளே வையுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அவளுக்கும் குழந்தைக்கும் சோதனையில் நோய் இல்லை என்றுதான் வந்தது. ஆனாலும் வெளியே வரக்கூடாது. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து வாசலுக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். சாமான்களை வாசல்படியில் வைத்துவிட்டு, தட்டிவிட்டு, தள்ளிப் போய்விட வேண்டும். நாங்களும் அப்படித்தான் வைத்தோம்.

ஒரு காலையில் ஆசுபத்திரியிலிருந்து போன் வந்தது. அவளுக்குத்தான் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு முழுவதையும் நானும் கேட்டேன்.

இனி எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அந்த லயத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. விறகடுப்பு, கேஸ் அடுப்பு எல்லாம் இதில் சேர்த்தி. பிணத்தைத் தூக்கி, பாடை கடைசி வீட்டைத் தாண்டின பிறகுதான் பற்ற வைக்கலாம். அதுவரைக்கும் மேல் லயத்துக்காரர்கள் பாலில்லாத கட்டங்காப்பியும் கஞ்சியும் கொண்டுவந்து தருவார்கள். இந்து வீடு, வேதக்கார வீடு என்ற பேதம் இதில் கிடையாது. எங்கள் பாட்டன் பூட்டன் திருநெல்வேலிப் பக்கமிருந்து மூட்டை முடிச்சோடு ஏறி வந்தபோது தூக்கி வந்தார்களோ, இங்கே வந்து ஒரே கூரைக்கடியில் கிடந்து உண்டாக்கினார்களோ, யாருக்கும் தெரியாது. சண்டையில் முகம் பார்க்காதவன் வீட்டுச் சாவுக்கும் அடுப்பை அணைப்போம்.

அன்றைக்கும் அணைத்தேன். கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டேன். மற்றவர்களும் அணைத்தார்கள். பிறகுதான் குழாயடியில் பேச்சு வந்தது, ஆளுக்கு ஆள் எட்டி நின்றுகொண்டு. பிணம் இங்கே வராது, அங்கேயே எரித்துவிடுவார்கள். பாடை தாண்டினால் அடுப்பு என்பது கணக்கு. பாடையே இல்லையென்றால் எதைத் தாண்டுவது? எப்போது பற்ற வைப்பது? மேல் லயத்திலிருந்து கஞ்சியும் வராது, அவர்கள் வாசலிலும் கயிறு. வயதான ஆண்கள் நாலு பேர் கூடி, பிணம் வராத சாவுக்கு இந்த வழக்கம் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். வழக்கம் தெரிந்தவர்கள் சொன்னால் சரிதான் என்று எல்லோரும் வீட்டுக்குப் போனோம். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இன்றைக்கு நினைத்தாலும் கணக்கு சரியாகத்தான் வருகிறது, அதுதான் கொடுமை.

மத்தியானம் அடுப்பைப் பற்ற வைத்தேன். கடை அடைத்துக் கிடந்த காலம், காய்கறி கிடையாது. பானையில் கருவாடு இருந்தது. வாணலியில் எண்ணெய் ஊற்றிப் போட்டேன். அது போட்ட சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. வாசனை சுவருக்கு மேலே போகிறது என்று தெரியும். கையை வைத்தா தடுக்க முடியும்? அந்தப் பக்கம் அவள் அழுகை கொஞ்சம் முன்னால்தான் நின்றிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் தின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் ஒரு தட்டு உரசும் சத்தம் கேட்டது. குழந்தைக்கு ஏதோ கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கயிற்றை அவிழ்த்த பிறகு அவள் முதலில் செய்த வேலை, சுவருக்கு மேலே இருந்த சந்தில் உரச்சாக்கைக் கிழித்து ஆணி அடித்து மூடினது. குளிருக்கு என்றாள். மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வருசம்தான் குளிர் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கு வாய் குறைச்சல் இல்லை. அவள் சண்டை போடவில்லை. பார்த்தால் சிரித்தாள். "சாப்பிட்டீங்களாக்கா" என்றாள். அவள் அதைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும், ஆச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். காட்டில் வரிசையை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

பிறகு எல்லோருக்கும் ஊசி வந்தது. அவளுக்கும் போட்டார்கள். போட்டுக்கொண்டு வந்தவளிடம், வலித்ததா என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். அன்றைக்கு அவள் புருசன் என்னிடம் கேட்ட கேள்வி அது. பொங்கல் வந்தது, மாரியம்மன் திருவிழா வந்தது, கல்யாணங்கள் வந்தன. லயம் பழையபடி ஆயிற்று. உரச்சாக்கு மட்டும் அப்படியே தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சமைத்தேன். ஒரு நாள் அவள் அதைக் கழற்றுவாள், கையை நீட்டி உப்பு கேட்பாள், அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் முடிந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம்தான் முதல் வீட்டுப் பெரியவர் செத்துப்போனார். மகன் வீட்டில் இருந்தவர். தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. நோய் எல்லாம் ஓய்ந்த பிறகு எங்கள் லயத்தில் விழுந்த முதல் சாவு அதுதான். இதைச் சொல்லக் கூசுகிறது, எங்களுக்குச் சந்தோசமாக இருந்தது. அழுதோம், பொய்யாக அழவில்லை. ஆனால் எத்தனை நாள் கழித்து ஒழுங்காக ஒரு சாவு. பிணம் வீட்டில் இருக்கிறது. தொட்டு அழலாம். மடியில் சாய்ந்து அழலாம். போடியிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள், மேளம் வந்தது, மாலைக்குச் சாந்தன்பாறைக்கு ஆள் போனது. ஒருத்தர் மேல் ஒருத்தர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "நல்ல சாவு" என்று சொல்லிச் சொல்லிக் கட்டங்காப்பி குடித்தோம். எல்லார் அடுப்பும் அணைந்திருந்தது. யாரும் சொல்லாமலே, விடிந்ததும் தானாகவே அணைத்திருந்தார்கள். இந்தத் தடவை கணக்கில் குழப்பம் இல்லை. பிணம் இருக்கிறது, பாடை இருக்கிறது.

உச்சிப்பொழுதுக்கு வாசனை வந்தது.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த போடிக்காரி முதலில் நிறுத்தினாள். மூக்கைத் துடைத்த முந்தானையை எடுத்துவிட்டு, "எந்த வீட்டுல கருவாடு வறுக்காவ?" என்றாள். மேளக்காரரும் தலையைத் தூக்கினார். எல்லோரும் கூரையைப் பார்த்தோம். என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கூரையிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கவாத்து வெட்டின தேயிலை விறகின் புகை, நல்ல கெட்டியாக.

லயத்துக்குத் தலைவர் என்று ஒருவர் உண்டு. செத்தவருக்கு மருமகன் முறை, திருவிழாவுக்கு வரி பிரிப்பவரும் அவர்தான். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. நாலு ஆண்கள் எழுந்தார்கள். ஒருத்தர், தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு வருகிறேன் என்று வாளியையே எடுத்துவிட்டார். தலைவர் கையமர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, சுவரு உன் சுவரு. நீ போயிச் சொல்லு. கேக்கலன்னா நாங்க வாரோம்."

போனேன். அந்தப் பத்தடிக்குள் என்னென்னவோ யோசித்தேன். அவள் பழி தீர்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். தீர்க்கட்டும், அவளுக்குப் பாத்தியதை உண்டு என்றும் நினைத்தேன். ஆனால் செத்துக் கிடப்பவர் பாவம், அவர் என்ன செய்தார்?

அவள் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பெண் குழந்தை மூலையில் படம் வரைந்துகொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

"ஏட்டி, என்ன வேல இது? அங்க பொணம் கெடக்கு."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா? வாளியோட நிக்கானுவ. அணைச்சிரு."

அவள் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டாள். "அன்னைக்கி நீங்க கருவாடு வறுத்தீங்கல்லா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில்கள் நிறைய இருந்தன. கடை இல்லை, காய் இல்லை, பிணம் வரவில்லை, பெரியவர்கள் சொன்னார்கள். வருசக்கணக்காகச் சமைக்கும்போதெல்லாம் உரச்சாக்கைப் பார்த்து மனசுக்குள் சொல்லிப் பழகியவை. 

"வறுத்தேன்" என்றேன். "வறுத்திருக்கக் கூடாது. தப்புதான்."

"அதுக்குக் கேக்கலக்கா." அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். "அந்த வாசனைய மோந்துக்கிட்டுத்தான் நான் சோறு தின்னேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரெண்டு நாளா பச்சத்தண்ணி எறங்கல எனக்கு. போன் வந்துச்சு, அழுதேன். தரையில கெடந்தேன். அப்பந்தான் உங்க வீட்டு வாசன வந்துச்சு. பசிச்சிச்சுக்கா. அப்படி ஒரு பசி எனக்கு வந்ததே இல்ல. கவர்மெண்டு கிட்டுல வந்த அரிசிய வடிச்சு, உப்பப் போட்டு, தொட்டுக்கிட உங்க வாசனையே வெஞ்சனமா ஒரு சட்டிச் சோத்தையும் தின்னுட்டேன். பிள்ளைக்குக்கூட பெறகுதான் போட்டேன். அவரு அங்க எரிஞ்சிக்கிட்டிருக்காரு, நான் இங்க தட்ட வழிச்சிக்கிட்டிருக்கேன்."

அந்தத் தட்டுச் சத்தம் எனக்கு மறுபடி கேட்டது.

"பசிதானட்டி. அதுல என்ன தப்பு?" என்றேன்.

"தப்பில்லல்லா? அப்பம் இன்னைக்கி மட்டும் எதுக்கு அணைக்கணும்?" இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் காய்ந்திருந்தது. "காலையில அணைக்கத்தான் போனேன். கை வரல. அந்தப் பெரியவருக்காவ அணைக்கிற அடுப்ப எம் புருசனுக்கு நான் அணைக்கல. இன்னைக்கி அணைச்சேன்னா அன்னைக்கி நான் தின்னது பாவம்னு ஆயிரும். எல்லாரும் நார்மல் நார்மல்ங்காவ. நார்மல் ஆனா நாந்தான மாட்டிக்கிடுதேன்?"

எத்தனை வருசமாக அவள் என்னைக் குற்றம் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பற்றி நினைக்கவே இல்லை. சாக்கைக் கட்டினது என் அடுப்பு வாசனை அவள் வீட்டுக்கு வந்தால் அவளுக்கு அந்தச் சோறு ஞாபகம் வரும் என்பதற்காக. என் குற்றத்தை நான் பெரிதாகத் தூக்கி வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் ஒருத்தி அதைவிடப் பெரிதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு சுவர்தான் நடுவில், அதுவும் அரைச் சுவர்.

அவள் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். சுட்டது. பிணம் கிடக்கும் லயத்தில் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்ல வந்தவள் நான். தின்றேன். உப்பு தூக்கலாக இருந்தது.

வெளியே வந்தால் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வாளிக்காரர் வாளியைக் கீழே வைக்கவில்லை. அவள் சொன்னதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? செத்த அன்றைக்கே தின்றாளாம் என்று நாளைக்குக் குழாயடியில் பேச்சாகிவிடும். ஏதாவது சொல்லி இவர்களை உட்கார வைக்க வேண்டும் என்று ஒரே பரபரப்பு. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல். ஒண்ணும் இறங்கலன்னு அழுதுது. அதான் ஒரு வாய் கஞ்சிக்குத் தொட்டுக்க வறுத்திருக்கா. விட்டுருங்க."

நல்ல பொய் என்றுதான் நினைத்தேன். காய்ச்சல் பிள்ளைக்காக அடுப்பு பற்ற வைத்தால் எந்தச் சாமியும் கோபிக்காது.

"காய்ச்சலா?" என்றார் தலைவர்.

அவ்வளவுதான். வாளிக்காரர் இரண்டு அடி பின்னால் போனார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் இன்னும் பின்னால் போனார்கள். ஒருத்தி துண்டை எடுத்து மூக்கைப் பொத்தினாள். ஒருத்தர் சட்டைப் பையைத் துழாவி, எந்தக் காலத்திலோ மடித்து வைத்த முகக்கவசத்தை எடுத்து மாட்டினார். அது அழுக்கேறிப் போயிருந்தது. போடிக்காரர்கள் வேனைப் பார்த்தார்கள். "இருமலும் இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். "நீ உள்ள போயிட்டா வந்தே?" என்று இன்னொரு குரல் என்னைக் கேட்டது. என்னைச் சுற்றி ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் விழுந்துவிட்டது. எல்லோரும் இரண்டு ஊசி போட்டவர்கள். சிலர் மூன்றாவதும் போட்டவர்கள்.

பெரியவரைச் சீக்கிரமே தூக்கினார்கள். பாடை அவள் வாசல் பக்கம் போகாமல், எதிர்ச் சரிவில் ஒதுங்கி, தேயிலைச் செடிகளை உரசிக்கொண்டு போனது. கடைசி வீட்டைத் தாண்டியதும் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. மேல் லயத்துக்காரர்கள் தூக்குவதற்கு முன்பே கஞ்சி கொண்டுவந்து வீடு வீடாக உள்ளே வந்து ஊற்றியிருந்தார்கள். அவள் வீட்டுக்கு மட்டும் ஒரு தூக்குவாளியை வாசல்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, தள்ளிப் போயிருந்தார்கள்.

விளக்கு வைக்கும் நேரம். நான் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். உரச்சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து, எத்தனையோ காலத்துக்குப் பிறகு, அவள் குரல் வந்தது.

"அக்கா."

"சொல்லு."

"வெளிய என்ன சொன்னீங்க?"

சொன்னேன். வேறு வழி இல்லை.

 பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னாள். "பாப்பா கேக்கா. வாசல்ல வாளிய வச்சிட்டு ஓடுதாங்களே, நம்மள மறுபடியும் அடைச்சிட்டாங்களாம்மான்னு. இப்பம் யாரு சாவப் போறான்னு கேக்கா."

நான் எழுந்து சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் வாயை எதைக் கொண்டு அடிப்பது என்று தெரியவில்லை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று போய், ஒரே வார்த்தையில் அந்தக் கயிற்றை மறுபடி அவள் வாசலில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் மஸ்டருக்கு எல்லோருக்கும் முந்திப் போய் நின்றேன். பெண்கள் வந்து சேரச் சேர என்னை விட்டுத் தள்ளித்தான் நின்றார்கள். அவளும் வந்தாள், கூட்டத்துக்கு வெளியே ஒரு ஓரமாக. பள்ளிக்கூட ஜீப்காரன் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டானாம். பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல. நேத்து நான் சொன்னது பொய். அவ சும்மாதான் கருவாடு வறுத்தா. வேணும்னுதான் வறுத்தா. நானும் ஒரு துண்டு தின்னேன். பொணம் கெடக்கும்போதே தின்னேன். திட்டுறதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்துத் திட்டுங்க."

திட்டு விழும், தலைவர் கூட்டம் போடுவார், திருவிழாவில் தள்ளி வைப்பார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். சொல்லப்போனால் அது வேண்டியும் இருந்தது எனக்கு.

"காய்ச்சல் இல்லியா?" என்றார் தலைவர்.

"இல்ல."

"கருவாடுதானா?" அவர் மூச்சை விட்டார். சுற்றிலும் எல்லோரும் மூச்சை விட்டார்கள். "ஏம்மா, அத நேத்தே சொல்லப்படாதா? ராத்திரி பூரா தூக்கம் இல்ல எனக்கு. எங்க மாமனுக்கும் கருவாடுன்னா உசுரு. அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

சிரித்தார்கள். மனசு விட்டுச் சிரித்தார்கள். நேற்று மூக்கைப் பொத்தினவள் வந்து என் தோளில் தட்டினாள். ஒருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜீப்காரனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினாள். என்னைச் சுற்றி இருந்த இடம் நிறைந்துவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்களே, அந்தப் பாவம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை வருசம் என்னையும் அவளையும் தூங்கவிடாமல் பண்ணினது, இவர்களுக்கு ஒரு காலைச் சிரிப்போடு முடிந்துபோயிற்று. நான் மன்னிப்பு கேட்க வந்த இடத்தில் மன்னிப்புக்கு அவசியமே இல்லை என்றுவிட்டார்கள். அவ்வளவு மலிவாகக் கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காட்டுக்கு ஏறும்போது அவள் என் பின்னால் வந்தாள்.

"எல்லாரும் சிரிச்சிட்டாங்கக்கா."

"ஆமா."

"எனக்குச் சிரிப்பு வரல."

"எனக்கும் வரலட்டி."

அன்றைக்கு அவள் என் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்தாள்.  அவள் கூடை எனக்கு முன்னால் நிறைந்தது, எப்போதும் அப்படித்தான்.

உரச்சாக்கை அவள் முழுக்கக் கழற்றவில்லை. என் அடுப்புக்கு நேராக இருக்கும் ஒரு மூலையை மட்டும் ஆணியிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறாள். நான் இப்போது கருவாடு வாங்குவதில்லை. அவள் வாங்கி வறுப்பாள். வாசனை அந்த மூலை வழியாக வரும்போது வெறும் சோற்றில் உப்பைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். என் வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். சட்டியில் இருப்பதை முழுக்கத் தின்று தட்டை வழிக்கும்போது அந்தப் பக்கமிருந்து அவள் கேட்பாள்.

"தின்னுட்டீங்களாக்கா?"

"தின்னுட்டேன்" என்பேன்.